பத்தாயத்து வண்டுகள்

வண்டுகள் பட்டினி கிடந்திருக்க வேண்டும். கல்லறைத் திருநாளுக்குப் பூதலூர் போய், அப்பா கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, அம்மா இருதயம்மாள் கட்டிக்கொடுத்த அதிரசப் பொட்டலத்தோடு டாக்டர் குழந்தைராஜ் திரும்ப நாலு நாளாகிவிட்டது. கிளம்பும்போது பத்தாயத்தில் ஒரு கீரியின் மண்டையைத்தான் போட்டுவிட்டுப் போயிருந்தார். அதை ஒரே பகலில் முடித்திருக்கும். பசித்த வண்டு சத்தம் போடாது, சுருண்டு கிடக்கும். போட்ட பூட்டு போட்டபடிதான் தொங்கியது. ஆனால் களஞ்சிய அறையின் கதவைத் தள்ளியதுமே கேட்டது: காய்ந்த கீற்றுக் கூரையில் தூறல் இறங்குவதுபோல, இடைவிடாத ஒரு சளசளப்பு. பந்தியில் உட்கார்ந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுச் சாப்பாட்டில் இறங்கும்போது எழும் சத்தம்.

வெளியே ஐப்பசி மழை. அந்த மழைதான் கேட்கிறது என்று நம்பிப் பார்த்தார்.

அந்த இடத்துக்குப் பெயர் பஞ்சநதம் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். போன வருசம் வரை அது பஞ்சநதத்தின் பண்ணை வீடு. நிலத்துக்கு உச்சவரம்பு வருகிறது என்று தெரிந்த வாரத்தில்தான் பஞ்சநதத்துக்கு ஜீவராசிகள் மேல் அன்பு பொங்கியது. அறக்கட்டளை வைத்தால் நிலம் தப்பும் என்றார் வக்கீல். கோயிலையும் பள்ளிக்கூடத்தையும் மற்ற பண்ணைகள் எடுத்துக்கொண்டுவிட்டதால் இவருக்கு மிஞ்சியது இயற்கை. பாட்டனார் சுட்ட சிறுத்தை ஒன்று, பஞ்சு பிதுங்க, கோலிக்குண்டுக் கண்ணோடு, பூனையைக் கண்டு பயந்ததுபோல் நின்றது. கூடவே இரட்டைத் தலைக் கன்று ஒன்றும் சில நாரைகளும். திறந்துவைக்க வந்த பிரமுகர் மூன்று மணி நேரம் தாமதமாக வந்து, குரங்கிலிருந்து முதலில் பிறந்தவன் தமிழனே என்று முழங்கிவிட்டுப் போனார். ஆட்சி மாறிய அன்றே வேட்டிக் கரையை மாற்றிக்கொண்டிருந்த பஞ்சநதம், அன்று தனக்கு 'உயிரின வள்ளல்' என்ற பட்டத்தையும் போஸ்டர் அடித்துச் சூட்டிக்கொண்டார்.

சிறுத்தை நின்றால் மட்டும் போதாது, ஆராய்ச்சியும் நடக்க வேண்டும் என்றார் வக்கீல். உடனே பிறந்தது மேலாய்வு உதவித்தொகை. டாக்டர் பட்டம் வாங்கியவர்களுக்கு மட்டும். காட்டுப்பன்றியின் தாடை எலும்பில் பட்டம் வாங்கி, சென்னையில் ஏறாத கல்லூரிப் படி இல்லை என்று அலைந்து தேய்ந்த குழந்தைராஜ் அதைப் பிடித்துக்கொண்டார். ஒரே நிபந்தனை, அங்கேயே குடியிருக்க வேண்டும். டாக்டர் இருந்தால்தான் ஆராய்ச்சி, ஆராய்ச்சி இருந்தால்தான் அறக்கட்டளை, அறக்கட்டளை இருந்தால்தான் நிலம். சிறுத்தையைப் போல அவரும் ஒரு காட்சிப்பொருள்தான். என்ன, அவருக்குச் சோறு போட வேண்டியிருந்தது.

எலும்பிலிருந்து சதையைச் சுத்தமாக எடுக்க அருங்காட்சியகங்களில் வண்டு வளர்ப்பது வழக்கம். எள்ளைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்பு வண்டு. தப்பித்தால் சிறுத்தையையும் நாரைகளையும் தின்றுவிடும் என்பதால் குழந்தைராஜ் மூடி போட்ட தகரப் பெட்டி ஒன்று கேட்டார். பஞ்சநதம் வள்ளலல்லவா, நெல் கொட்டும் பத்தாயத்தையே கொடுத்துவிட்டார். ஆள் உயரம், பலா மரம், உள்ளே தகடு அடித்தது. பார்க்க வருகிறவர்கள் முகம் சுளித்தால் டாக்டர் சிரித்துக்கொண்டே சொல்வார்: "பயப்படாதீங்க, உயிருள்ளத அது தொடாது." பள்ளிப் பிள்ளைகளுக்கும் இதே வாக்கியம், அதிகாரிகளுக்கும் இதே வாக்கியம்.

மருதையனுக்கும் சொல்லியிருக்கிறார். கூலி நெல்லை உயர்த்தினால்தான் அறுப்பு என்று நின்ற விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் அவர். "பத்தாயத்துல நெல்லே இல்லன்னு பண்ணை சொன்னாரு. மெய்தானான்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்," என்று உள்ளே வந்தவர், வண்டுகளைப் பார்த்துவிட்டு இடது கையை நீட்டினார். முந்தைய வேலைநிறுத்தத்தில் தடியடிபட்டு முறிந்து, அவசரத்தில் கோணலாகக் கூடிய கை.

"எலும்பு டாக்டராமே. இத நிமித்தித் தர முடியுங்களா?"

"நான் செத்துப்போனதுக்குத்தாங்க டாக்டர்."

"அப்பப் பொறவு வந்து காட்டுறேன்."

இரண்டு பேருமே சிரித்தார்கள். அது போன மாதம்.

குழந்தைராஜ் முக்காலியில் ஏறிப் பத்தாயத்தின் மூடியைத் தூக்கினார். தகட்டு இடுக்கில் தங்கி, ஊறி முளைவிட்ட பழைய நெல்லின் புளித்த வாடை, அதற்கு அடியில் வேறொரு வாடை. நீளமாக ஒரு தொடையெலும்பு. கன்றுக்குட்டி என்று நினைத்தார். கன்றுக்குட்டிக்குத் தோளில் காறையெலும்பு கிடையாது. இதற்கு இருந்தது. ஓர் ஆட்டை முடிக்கவே பத்து நாள் எடுத்துக்கொள்ளும் வண்டுகள், இதைப் பல் வரைக்கும் வெளுத்துவிட்டிருந்தன. ஓரிடத்தில் மட்டும் இன்னும் மும்முரம். இடது முன்கை. முழங்கைக்குச் சற்றுக் கீழே, எலும்பு கோணிக் கூடியிருந்த வளைவுக்குள்.

பின்னால் குடை மடங்கியது. பஞ்சநதம். அவருக்கும் பின்னால் காவல்காரன் பக்கிரி.

"வந்துட்டீங்களா டாக்டர்? அம்மா சௌக்கியமா? மனுச எலும்புக்கூடு இல்லாம அது என்னய்யா மியூசியம்னு தாசில்தார் கேட்டாராம். நாளைக்கு வர்றாரு. ஆத்தங்கரை சரிஞ்சப்ப இது கெடச்சுது. பழசு."

"பழைய எலும்புல வண்டுக்கு வேலை இல்லீங்களே."

"நீங்க எழுதிக் குடுத்தீங்கன்னா பழசுதான்." பஞ்சநதம் அதிரசப் பொட்டலத்தைப் பிரித்து ஒன்றை எடுத்துக் கடித்தார். "ஒங்க ஸ்காலர்ஷிப்ப இன்னும் ரெண்டு வருசம் நீட்டச் சொல்லிட்டேன். அம்மாவையும் கூட்டியாந்து வச்சுக்கலாம். கஷ்டமா இருந்தா சொல்லுங்க, கட்டாயமில்ல. வண்டு வேணும்னு கேட்டது நீங்க. பூட்டு ஒங்களுது. சாவியும் நாலு நாளா ஒங்க பையிலதான் இருந்துச்சு. ஏன்டா பக்கிரி?"

"ஆமாங்க," என்றான் பக்கிரி. அவன் இடுப்பில் இன்னொரு சாவி தொங்கியது.

குழந்தைராஜ் அட்டையில் எழுதினார்: 'மனிதன். ஆண். ஆற்றுப்படுகை. நூறாண்டுக்கு முற்பட்டது.' எழுத்து கோணாமல் வந்தது. அதுதான் அவருக்கே வியப்பாக இருந்தது.

கை கழுவ முற்றத்துக் குழாய்க்கு வந்தபோது, மழையில் சாக்கை முக்காடு போட்டுக்கொண்டு ஒரு பெண் நின்றாள். மருதையனின் மனைவி காத்தாயி.

"ஐயா, கூலி பேசக் கூப்புட்டு வுட்டாங்கன்னு இங்கதான் கெளம்புனாரு. ஆளக் காணும். நீங்க பாத்தீங்களா?"

"நான் ஊர்ல இல்லம்மா." அது உண்மை.

"இப்ப இருக்கீங்கல்ல. உள்ள பாத்துச் சொல்லுங்க."

"பாத்துட்டேன். யாருமில்ல."

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஈரம் சொட்டும் அவர் கையைப் பார்த்தாள். அவர் அதைப் பின்னால் மறைத்துக்கொண்டு களஞ்சிய அறைக்குள் நடந்தார்.

"சங்கத்தாளுங்க கொடியோட வர்றானுவளாம்," என்றான் பக்கிரி வாசலில். "நீங்க பாட்டுக்கு உள்ளார ஒக்காந்து எலும்புக்குக் கம்பி கட்டுங்க. சத்தம் அமந்தப்புறம் தொறக்கிறேன்." வெளியிலிருந்து பூட்டு விழுந்தது.

எலி நுழையாத கட்டடம். இரண்டு முழக் கனத்துச் சுவர். ஓட்டுக்கு அடியில், கம்பி போட்ட ஒரே ஒரு காற்றுத் துவாரம். அதன் வழியாக மழைச் சத்தமும் அழுக்கு வெளிச்சமும் கொஞ்சம் வந்தன.

பத்தாயம் அமைதியாகிவிட்டது.

அவர் திரும்பிப் பார்த்தார். மூடியைப் போட மறந்திருந்தார். பத்தாயத்தின் விளிம்பில் கறுப்பாக ஒரு கோடு. மை தீட்டியதுபோல. கோடு தடித்தது. வழிந்தது. பலகையில் இறங்கித் தரைக்கு வந்தது. பிரித்துக் கிடந்த அதிரசத்தைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போனது.

உயிருள்ளதை அது தொடாது. வாய்விட்டே சொன்னார். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லும் அதே குரலில்.

செருப்பு வரை வந்தது. முக்காலி மேல் ஏறி நின்றார். முக்காலியின் கால்களில் ஏறியது. தட்டினார். உதறினார். விழுந்தவை அவசரப்படாமல் திரும்பி வந்தன. முதலில் வலது கை. அட்டை எழுதிய விரல்கள். கடிக்கிறது என்று கண்ணுக்குத் தெரிந்தது. வலி இல்லை. வலிக்கட்டும் என்று காத்திருந்தார். வலிக்கவில்லை. இடது கை விரல்களை மணிக்கட்டில் வைத்து நாடி பார்த்தார். இடம் மாற்றி வைத்தார். மறுபடியும் மாற்றினார்.

"ஐயா." துவாரத்துக்கு அடியில், சுவருக்கு வெளியே, காத்தாயி. "உள்ள இருக்கீங்களா? வெளிய ஏன் பூட்டியிருக்கு?"

ஒரு வார்த்தை போதும். அவள் போய்ச் சங்கத்தாட்களைக் கூட்டிவருவாள். கதவை உடைப்பார்கள். கதவை உடைத்தால் பத்தாயத்தையும் பார்ப்பார்கள். அட்டையையும் பார்ப்பார்கள். இரண்டு வருசம். அம்மா. சாவி. அவர் யோசித்தார். யோசிக்கும் நேரத்தில் அவை கழுத்தைத் தாண்டின.

கத்திவிடலாம் என்று முடிவு செய்தபோது மேலுதட்டில் கால்கள் ஊர்ந்தன. கீழுதட்டிலும். வாயைத் திறந்தால் உள்ளே போகும். இறுக மூடிக்கொண்டார்.

மழை நின்றது. ஓட்டிலிருந்து சொட்டுவதும் நின்றது. கொடிக்காரர்களின் காலடிகள் முற்றத்துச் சேற்றில் வந்து ஓய்ந்தன.

"என்ன காத்தாயி, யாராச்சும் இருக்காங்களா உள்ள?"

அவள் சுவரில் காதை வைத்திருக்க வேண்டும். குரல் மிக அருகில் கேட்டது.

"ஆளு இருக்குற மாதிரி தெரியல. மழ விட்டுப் போச்சுல்ல, உள்ள மட்டும் இன்னும் பெய்யுது."