கருந்துளை ஓரத்து இளசுகள்

"அந்தக் குடைக்காரனுக்கு என்ன வயசு இருக்கும்?"

"தெரியாதுக்கா."

"ஆகாசத்துல இருக்கிற விண்மீனுக்கெல்லாம் வயசு சொல்றே... எதிர்ல நிக்கிறவனுக்குச் சொல்லத் தெரியலையா? எதுக்கும் நாலு தடவை யோசிச்சுக்கோ."

காலையில் அக்கா சொன்னது, பேருந்து நிறுத்தத்தில் நின்றவளின் காதில் இன்னும் கேட்டது. ஒருவனைக் கேள்வி கேட்காமல் நம்பிக் கட்டிக்கொண்டு, ஒரே வருஷத்தில் பெட்டியோடு திரும்பி வந்தவள் அக்கா.

சந்தேகப்படுவது இவளுக்குத் தொழில். நம் பால்வீதி மண்டலத்தின் நடுவில் ஒரு ராட்சதக் கருந்துளை. நெருங்கும் வாயு மேகங்களை அது பிய்த்து எறிந்துவிடும். அங்கே எதுவும் பிறக்க வழியில்லை. ஆனால் அங்கேதான் கனத்த இளம் விண்மீன்கள் நீலமாய் ஜொலிக்கின்றன. அவை அங்கேயே பிறந்தவை என்று, பல வருஷ உழைப்பைக் கட்டுரையாக்கி ஆய்விதழுக்கு அனுப்பியிருந்தாள்.

போன மாதம் இதே நிறுத்தத்தில், மழையில் குடை நீட்டியவனிடம் அதைச் சொல்லித் தொலைத்தாள்.

"இளசுதானா? கிழடுங்க இளசு வேஷம் போட்டிருந்தா?" என்று சிரித்தான். சிரிக்கும்போது கண்களும் சேர்ந்து சிரித்தன... அங்கேதான் ஏமாந்தாள். அந்த வாரமே, கட்டுரையைச் சரிபார்க்க ஆய்விதழ் வைத்திருந்த, பெயர் சொல்லாத நடுவரிடமிருந்து வந்த ஆட்சேபத்திலும் அதே வார்த்தை: வேஷம்.

அதன் பிறகு பார்க்கும்போதெல்லாம், "உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்..." என்று ஆரம்பித்து மென்று விழுங்கினான். எதற்கு அடி போடுகிறான்? என் அளவீடுகளுக்கா?

இன்றும் மழை. இன்றும் குடை. அவள் தள்ளி நின்று நனைந்தாள்.

"அந்த நடுவர் நீங்கதானே?"

"ஆமா."

இவ்வளவு சுலபமாகவா ஒப்புக்கொள்வான்? சந்தேகம் இன்னும் கூடியது.

"ஆட்சேபத்தை அனுப்பினப்புறம்தான் உங்களைப் பார்த்தேன். நீங்க பேசப் பேசத்தான் யாருன்னே புரிஞ்சுது. மறுநாளே விலகிட்டேன்."

நடுவரை மாற்றியிருப்பதாக ஆய்விதழிலிருந்து தகவல் வந்தது உண்மைதான். அவளுக்குக் காரணம் மட்டும் சொல்லவில்லை.

"ஏன்னு கேட்டிருப்பாங்களே?"

"கேட்டாங்க. கட்டுரை எழுதினவங்களைப் பிடிச்சுப் போச்சு, இனி என் தீர்ப்பை நம்பாதீங்கன்னு சொன்னேன்."

பேருந்து வந்தது. அவள் ஏறவில்லை.

"முகம் தெரியாத ஆய்விதழ் ஆசிரியர்கிட்ட சொல்ல வந்துச்சு... என்கிட்ட வாய் வரலையாக்கும்." குரலில் கோபம் பாதிதான் மிச்சமிருந்தது. "ஏதோ கேக்கணும்னீங்களே, கேளுங்க. இன்னிக்கும் முழுங்கினீங்கன்னா அடுத்த பஸ்ல போயிட்டே இருப்பேன்."

அவன் குடையை மடக்கினான். மழை அவன் இமைகளில் சொட்டியது.

"என்னைக் கட்டிக்கிறீங்களா?"