சேர்மன் சிலைக்குப் போர்த்திய சேலை

தேர்தல் தேதி அறிவித்த அன்று மதியமே வேங்கிக்கால் முனைக்கு ஏணியோடு வந்தான் முருகவேல். நகராட்சியில் தற்காலிக ஊழியன். தேர்தல் முடியும்வரை தலைவர்களின் சிலைகளைத் துணியால் மூடிவைப்பது வழக்கம். கால் நூற்றாண்டு சேர்மனாக இருந்த ராஜமாணிக்கத்தின் வெண்கலச் சிலைதான் பாக்கி.

அலுவலகத்தில் கொடுத்த துணிக்கு ஓரம் சிவப்பு. மேற்பார்வையாளர் சந்திரகலா வேண்டாம் என்றார்.

"கலர் இருந்தா கட்சித் துணின்னு பெட்டிஷன் போட்டுடுவாங்க. வெளுப்பா எதுனா எடுத்துட்டு வாப்பா. சீக்கிரம்."

வீடு பக்கம்தான். அலமாரியில் ஒரு நூல் சேலை இருந்தது, கரையெல்லாம் வெளுத்துப்போய். ஆஸ்பத்திரியில் மூச்சுத் திணறி இறந்தபோது அவன் மனைவி எழிலரசி உடுத்தியிருந்தது. அதை வீட்டில் வைக்கக் கூடாது, ஏரியில் விட்டுவிடு என்று எல்லோரும் சொன்னார்கள். அவனால் முடியவில்லை. இப்படியாவது போகட்டும் என்று எடுத்து வந்தான். சிலையின் தலையிலிருந்து சுற்றி, கழுத்தில் இறுக்கி முடிந்தான்.

டீக்கடை நசீர் பாய் சிரித்தார். "உயிரோட இருந்தப்ப சேர்மன் வாயை எவனாலயும் மூட முடியல. நீ மூடிட்டியேபா!"

மறுநாள் உச்சி வெயில். வேப்பிலைகூட அசையவில்லை.

சிலையின் வாயருகே மட்டும் துணி உள்ளே குழிந்தது. மெல்ல உப்பியது. மறுபடியும் குழிந்தது.

கூடவே, சன்னமாக ஒரு சீழ்க்கை.

அந்த இழுப்பை அவனுக்குத் தெரியும்.

ஏணியைச் சாய்த்தான். காவலுக்கு நின்ற போலீஸ்காரர் கையைப் பிடித்தார்.

"எங்க ஏறுற? ரிசல்ட் வர்ற வரைக்கும் யாரும் தொடக்கூடாது."

"முகத்தை மட்டும் திறந்துடறேன் சார். மூச்சு விட முடியல."

"யாருக்கு?"

ஆஸ்பத்திரிக் கண்ணாடிக் கதவருகிலும் இப்படித்தான் தடுத்தார்கள். அன்றும் வெளியேதான் நின்றான்.

தினமும் வந்து நின்றான். இழுப்பு நீண்டது. பிறகு விட்டுவிட்டு வந்தது. வாக்கு எண்ணிக்கைக்கு முந்தைய நாள் நின்றுபோனது.

தடை நீங்கியதும் ஏறி முடிச்சை அவிழ்த்தான். வாய்ப்பக்கம் துணி ஈரமாக இருந்தது. மருந்து வாடை.

உதடு மூடிச் சிரித்த சிலை அது. இப்போது வாய் அகலத் திறந்திருந்தது.

"பாய்... வாயைப் பாருங்க."

"அதுக்கின்னாபா? எப்பவும் அப்படித்தானே கீது."

முருகவேல் அந்தக் கறுத்த குழிக்கு முன்னால் உள்ளங்கையை வைத்தான். காற்று வெளியே வரவில்லை.

கையை மெல்ல உள்ளே இழுத்தது.