வலது தோளில் அரை அங்குலம்

நாடக அரங்கின் உடை அறை தரைத்தளத்துக்கும் கீழே இருந்தது. ஜன்னல் கிடையாது. பகல் பதினொரு மணிக்கும் விளக்குப் போட்டால்தான் ஊசியின் காது தெரியும். திங்கட்கிழமை காலை சாவியை வாங்கிக்கொண்டு இறங்கி வந்தபோது பயப்படும்படி எதுவும் கண்ணில் படவில்லை. பெரிய வெட்டு மேஜை, ஒரு மிஷின், ஓர் இஸ்திரிப் பெட்டி, தலையில்லாத பொம்மை. எல்லாத் தையல் அறையும் அப்படித்தான் இருக்கும்.

தைக்க வேண்டியது ஒரே ஒரு வால் கோட்டு. நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய கனவான்கள் போட்டது. முன்பக்கம் இடுப்போடு நின்றுவிடும், பின்னால் இரண்டு வால்கள் முழங்கால்வரை தொங்கும். போடப்போகிறவன் என் தம்பி. பதினோரு வருடம் மேடை ஓரத்தில் தட்டு ஏந்தியும் ஈட்டி பிடித்தும் நின்றவனுக்கு இப்போதுதான் கதாநாயகன் வேஷம் கிடைத்திருந்தது. இதில் சோபிக்காவிட்டால் இன்னொரு தடவை கேட்காதே என்று டைரக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார். அதனால்தான் அக்காவைக் கூப்பிட்டான். வேறொரு நாடகக் கம்பெனிக்கு முப்பது பாவாடை தைத்துக் கொடுத்துவிட்டு, முதுகு விட்டுப்போன நிலையில் வந்திருந்தேன். வரமாட்டேன் என்று அவனிடம் சொல்ல எனக்கு வாய் வராது.

துணிமேல் வைத்து வெட்டுவதற்கான பேட்டர்ன் சுவரில் ஆணியில் தொங்கியது. பழுப்புக் காகிதத்தில் வெட்டி, நூலில் கோத்த துண்டுகள். இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என்று தனித்தனியாக இருந்தன. வழக்கமாக இரண்டு பக்கத்துக்கும் ஒரே துண்டுதான் இருக்கும்; இப்படி வெட்டியிருந்தால் அது யாரோ ஒருவர் உடம்புக்கென்றே வெட்டியது. வலது தோளில் மட்டும் அரை அங்குலம் மடித்து ஒரு குண்டூசி குத்தியிருந்தது. ஊசி துருப்பிடித்துக் காகிதத்தோடு ஒட்டிப்போயிருந்தது.

பழைய பேட்டர்ன் கையில் கிடைத்தால் என்ன செய்ய வேண்டும் என்று எந்தக் கற்றுக்குட்டியும் சொல்லும். மடிப்பைப் பிரிக்க வேண்டும், புதுக் காகிதத்தில் படி எடுக்க வேண்டும், போடுகிறவர் அளவோடு ஒத்துப்பார்க்க வேண்டும். நான் எதையும் செய்யவில்லை. தூக்கி வளர்த்தவன் உடம்பு எனக்குத் தெரியாதா என்கிற திமிர் கொஞ்சம், மீதி எல்லாம் அசதி. மடிப்போடு கறுப்புத் துணிமேல் வைத்து வெட்டிவிட்டேன்.

மறுநாள் தற்காலிகமாக ஓட்டுத் தையல் போட்டு, தம்பிக்கு மாட்டிப் பார்த்தேன். வலது தோள் அரை அங்குலம் குறைவு. அக்குளுக்குக் கீழே துணி சுருக்கம் விழுந்தே ஆக வேண்டும்.

ஒரு சுருக்கம்கூட இல்லை.

கோட்டு அவன்மேல் வார்த்துவைத்த மாதிரி இருந்தது. அப்புறம்தான் கண்ணாடியில் பார்த்தேன். அவன் வலது தோள் இறங்கியிருந்தது.

"நேரா நில்லுடா."

"நேராத்தான் நிக்கிறேன்க்கா."

கழற்றிய பிறகும் தோள் உடனே ஏறவில்லை. ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம் ஆயிற்று. அவன் மேலே போனதும் தையலைப் பிரித்து, தோளில் ஒட்டுத் துண்டு வைத்துச் சரிசெய்தேன். இஸ்திரிப் பெட்டியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கதவைப் பூட்டிக்கொண்டு போனேன்.

புதன்கிழமை காலை கதவைத் திறந்ததும் ஈரக் கம்பளித் துணியில் சூடான இஸ்திரி வைத்த வாசனை வந்தது. பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்றிருந்தது.

ஒட்டுத் துண்டு மேஜைமேல் ஒழுங்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. தோள் பழையபடி அரை அங்குலம் குறைத்துத் தைத்திருந்தது. கைத்தையல். என் தையலைவிடப் பொடிசு, என் தையலைவிட நேர்த்தி. முப்பது வருடம் ஊசி பிடித்தவள் நான். பயத்துக்கு முன்னால் எனக்குப் பொறாமைதான் வந்தது, உண்மையைச் சொல்கிறேன்.

அன்று மத்தியானம் கோட்டோடு ஒத்திகை. தம்பி நடந்து வந்ததைப் பார்த்து எல்லோரும் கைவேலையை நிறுத்திவிட்டார்கள். தோளைச் சாய்த்து, காலமெல்லாம் எதையோ சுமந்தவன் போல வந்தான். எங்கிருந்துடா இந்த நடையைப் பிடித்தாய் என்று டைரக்டர் எழுந்தே நின்றுவிட்டார். தம்பி கீழே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, இதுல இனிமே கை வைக்காத. இதுதான் என்னைக் காப்பாத்தப்போகுது."

கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தான். ஒரு டீ குடித்தான். இன்னொன்றும் குடித்தான்.

தோள் ஏறவில்லை.

பேசிக்கொண்டே இருந்தான். அவன் வலது கை மட்டும் தனியாக ஏதோ செய்துகொண்டிருந்தது. கட்டைவிரலை நாக்கில் தொட்டுக்கொண்டு, ஆள்காட்டி விரலோடு சேர்த்து உருட்டியது. திரும்பத் திரும்ப. நூலின் நுனியில் முடிச்சுப் போடுகிறவன் செய்வது அது. சட்டைப் பொத்தான் அறுந்தால்கூட என்னிடம் ஓடி வருகிறவன் என் தம்பி. அவன் ஊசியைத் தொட்டதே இல்லை.

அப்போதுதான் விளங்கியது. அந்தப் பேட்டர்ன் எந்தக் கனவானுக்கும் வெட்டியதில்லை. பல வருடம் கனமான இஸ்திரிப் பெட்டியைத் தள்ளித் தள்ளி இறங்கிப்போன தோள் அது. ஊருக்கெல்லாம் தைத்துப்போட்ட ஒருவர் தனக்கென்று ஒன்று வெட்டியிருக்கிறார். போட்டுப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. இப்போது என் தம்பிக்குள் கையை நுழைக்கிறார்.

வியாழக்கிழமை மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், கதவைச் சாத்திக்கொண்டேன். மேஜைமேல் யாரோ கத்தரிக்கோலை வைக்கிற சத்தம் கேட்டது. என் கத்தரிக்கோல் என் கையில்தான் இருந்தது. சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

"அவனை விட்டுடுங்க," என்றேன். "அவனுக்கு ஒண்ணும் தெரியாது. தோள்தானே வேணும்? என்னுது ஏற்கெனவே பாதி இறங்கித்தான் கிடக்கு."

கோட்டை எடுத்து நானே மாட்டிக்கொண்டேன்.

எனக்குத் தொளதொளவென்று இருந்தது. பிறகு முதுகில், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே, யாரோ மிஞ்சின துணியை இரண்டு விரலால் மெல்லப் பிடித்தார்கள். ஒரு குண்டூசி குத்துகிற சத்தம். இன்னொன்று.

காதுக்குப் பக்கத்தில் சன்னமாக, அலுத்துப்போன ஒரு குரல்.

"நேரா நில்லுங்க."

ஆயிரம் பேருக்கு நான் சொன்னது. என்னிடம் யாரும் சொன்னதில்லை. நின்றேன்.

அன்று சாயங்காலம் தம்பியின் தோள் ஏறிவிட்டது. விரல்களும் சும்மா இருந்தன. கோட்டின் தோளைப் பிரித்து நான் மறுபடி வைத்துத் தைத்த ஒட்டுத் துண்டு இந்தத் தடவை வைத்த இடத்திலேயே நின்றது. அந்த நடை மட்டும் திரும்ப வரவில்லை. டைரக்டருக்கு முகம் சுருங்கியது. தம்பி என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. ஆனாலும் அவன் பதினோரு வருடம் ஓரத்தில் நின்று கற்றது வீண்போகவில்லை, சொந்தக் காலில் நடந்தே தேறிவிட்டான். என் வலது கை காது உயரத்துக்குமேல் போவதில்லை. டாக்டர் சிரித்தார், மிஷின் வேலை செய்கிறவர்களுக்கு இது சகஜம்தான் என்றார்.

நேற்றுக் கடைசிக் காட்சி முடிந்தது. இன்று காலை சாமான்களை எடுத்துவைக்க இறங்கினேன். பேட்டர்னை எரித்துவிடுவது என்றுதான் ஆணியிலிருந்து எடுத்தேன்.

தோளின் மடிப்பு அப்படியே இருந்தது. துருப்பிடித்த ஊசியைக் காணோம். புது ஊசி பளபளத்தது.

மார்புத் துண்டிலும் முதுகுத் துண்டிலும் புதிதாகச் சாக்பீஸ் கோடு. உள்ளே தள்ளிப் போட்டிருந்தது, ஒரு பெண்ணின் அளவுக்கு. டேப்பை எடுத்து என்மேல் சுற்றிப் பார்த்தேன். மார்பு, இடுப்பு, கை நீளம், எல்லாம் நூல் பிசகாமல் என் அளவு. முதுகை நானே அளக்க முடியாது. அதுவும் சரியாகத்தான் இருக்கும்.

மேஜைமேல் கறுப்புத் துணி விரித்திருந்தது. அதன்மேல் ஒரு துண்டுச் சீட்டு. நாங்கள் எல்லோரும் வாடிக்கைக்காரருக்கு எழுதிக் கொடுப்பது போல, பொடி எழுத்தில் ஒரே வரி: போட்டுப் பார்க்க, வெள்ளிக்கிழமை.

நாளைக்கு வெள்ளி. எனக்கு விடுமுறை. வீட்டில் படுத்துக் கிடக்கலாம்.

போவேன் என்றுதான் நினைக்கிறேன்.