கூட்டச் சொன்னார் ரீச்சர்

ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளம் நாவிதன்வெளி வயலோரத்தில் இருந்த சுல்பிகாவின் குடிசையை அடித்துக்கொண்டு போனது. வாப்பாவும் உம்மாவும் அவளைச் சாய்ந்தமருதில் மாமி வீட்டில் விட்டுவிட்டு, புதுக் குடிசை போட வயலுக்குத் திரும்பிப் போனார்கள்.

மாமி நல்லவர்தான். ஆனால் விடிந்தால் தறியில் உட்கார்ந்துவிடுவார். தறிச் சத்தத்தில் எதுவும் கதைக்க முடியாது.

சுல்பிகாவுக்கு ஒன்பது வயது. வயற்பக்கம் பள்ளிக்கூடம் இல்லாததால் அவள் படித்ததே இல்லை. அதனால் சின்னப் பிள்ளைகளோடு முதலாம் வகுப்பில் இருத்தினார்கள். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்த நீள வாங்கில் அவள் தலை மட்டும் தனியே உயர்ந்து தெரிந்தது.

முதல் நாளே சபூறா ரீச்சர் கரும்பலகையில் இரண்டு எண்களை எழுதிவிட்டு அவளைப் பார்த்தார்.

“எழும்பி வந்து கூட்டுங்க, புள்ள.”

சுல்பிகாவுக்குச் சந்தோஷம். இந்த வேலை அவளுக்கு நன்றாகத் தெரியும். மூலையில் இருந்த விளக்குமாற்றை எடுத்து, கரும்பலகையின் கீழே கிடந்த சோக்குத் தூளை ஒரு பொட்டும் விடாமல் கூட்டினாள்.

வகுப்பே சிரித்தது. ரீச்சருக்கும் சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டு, தான் எண்களைத்தான் கூட்டச் சொன்னதாகத் தன்மையாக விளக்கினார். சுல்பிகாவின் காதில் எதுவும் ஏறவில்லை.

அதன் பிறகு இடைவேளையில் அவள் யாரிடமும் போகவில்லை. யாரும் அவளிடம் வரவுமில்லை. பிள்ளைகள் ஓடி விளையாடும்போது சுவரோடு சாய்ந்து நின்று, உம்மா இந்நேரம் என்ன செய்துகொண்டிருப்பார் என்று நினைப்பாள். இனிப் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று மாமியிடம் சொல்லப் பார்த்தாள். தறிச் சத்தத்தில் அதுவும் கேட்கவில்லை.

ஒரு நாள் நிற்கப் பிடிக்காமல், வகுப்பு விளக்குமாற்றை எடுத்துப் பள்ளி முற்றத்துப் புன்னை மரத்தடியைக் கூட்டத் தொடங்கினாள். மரத்தின் மறுபக்கம் அவள் வகுப்புப் பிள்ளை ஜெமீலா, சிலேட்டை மடியில் வைத்து அழுதுகொண்டிருந்தாள். நாலையும் மூன்றையும் கூட்டினால் எத்தனை என்று தெரியவில்லையாம். பிழையாகச் சொன்னால் எல்லாரும் சிரிப்பார்களாம்.

கணக்கு சுல்பிகாவுக்கும் தெரியாது. அந்தச் சிரிப்பு எப்படியிருக்கும் என்று தெரியும். அவள் பக்கத்தில் குந்தினாள்.

என்ன செய்வதென்று தெரியாமல் தான் கூட்டிய இடத்தைப் பார்த்தாள். இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிடந்த புன்னங்காய்கள் இப்போது ஒரே குவியலாகக் கிடந்தன. சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு நாலு காய்களை ஒரு பக்கம் வைத்தாள். மூன்றை மறுபக்கம் வைத்தாள். விளக்குமாற்றால் இரண்டையும் ஒன்றாக ஒதுக்கினாள்.

“இப்ப எண்ணிப் பாரு.”

ஜெமீலா ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். ஏழு வந்தது. சந்தேகத்தில் இன்னொரு முறை எண்ணினாள். அப்போதும் ஏழுதான்.

“கூட்டுறது எண்டா இதுதான் போல,” என்றாள் சுல்பிகா மெதுவாக. “பிரிஞ்சு கிடக்கிறத ஒண்டாச் சேக்கிறது. முற்றத்திலயும் அதுதான், சிலேட்டிலயும் அதுதான்.”

மணி அடிக்கும்வரை இருவரும் காய்களை வைத்து வைத்துக் கூட்டினார்கள்.

பள்ளிக்கூடம் விட்டதும் சுல்பிகா வழக்கம்போலத் தனியே நடந்தாள். பின்னால் யாரோ ஓடி வரும் சத்தம் கேட்டது. ஜெமீலாதான். அவளுக்கு மூச்சு வாங்கியது.

“ராத்தா, நாளைக்கு வரக்குள்ள என்னையும் கூட்டிட்டு வாறீங்களா?”

அக்கா முறை வைத்து அவளை அங்கே யாரும் இதுவரை கூப்பிட்டதில்லை.

“ஓம்,” என்றாள் சுல்பிகா. “ஆனா உன்ட வீடு எங்க எண்டு எனக்குத் தெரியாதே.”

ஜெமீலா அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, வீட்டைக் காட்டக் கடற்கரைப் பக்கம் நடந்தாள்.