நாலாவது சிலிண்டர்

பரிமளம் முன்சக்கரத்துக்கு அடைகொடுத்திருந்த கல்லை இரண்டு கையாலும் உருட்டி வேலியோரம் தள்ளினாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "கல்ல எடுத்தாச்சு, விடுங்க" என்றாள். அவள் புருஷன் புவனேந்திரன் ஹேண்ட்பிரேக்கை இறக்கினார். பிக்கப் சத்தமில்லாமல் லயத்து வரிசை வீடுகளின் சரிவில் உருண்டது. ரெண்டாம் கியரில் கிளச்சை விட்டதும் உலுக்கிக்கொண்டு உயிர் பிடித்தது.

பழைய டீசல் வண்டி. குளிர்ந்த காலையில் சாவிக்கு மசியாது. ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் சரிவுக்கா பஞ்சம்? பதினொரு வருஷமாக வண்டியை மூக்கு பள்ளம் பார்க்கத்தான் நிறுத்தினார். வெலிமடையில் லீக்ஸும் கரட்டும் ஏற்றிப் பதுளைச் சந்தையில் இறக்கினார். இறக்கம் இருக்கிறவரை பழுது பார்க்க அவசியமே வரவில்லை.

மறுநாள் கோயில் தேருக்கு வழிவிட வேண்டியிருந்தது. வண்டியை, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தின் சமதரையில் நிறுத்தினார். அன்று சாயந்தரம் பரிமளத்துக்கு நெஞ்சை அடைத்தது. பத்துப் பேர் தள்ளினார்கள். மழைச் சேற்றில் சக்கரம் வழுக்கியதே தவிர என்ஜின் பிடிக்கவில்லை. அவர் சாவியைத் திருகத் திருக, பக்கத்து சீட்டில் அவள் மூன்று மூச்சு இழுத்தாள். ஒரு மூச்சு அளவுக்குச் சும்மா இருந்தாள். மறுபடி மூன்று. மறுபடி சும்மா. பேட்டரி செத்துச் சாவி வெறுமனே சொடுக்கியபோது, அந்தச் சும்மா இருத்தல் மட்டும் மிச்சமிருந்தது.

ஏழு மாதம் ஆயிற்று. மகள் நிஷாந்தினிக்கு இப்போது வயிற்றில் எட்டு மாதம். புருஷன் சுரேனுக்குக் கொழும்பில் வேலை என்பதால் பிள்ளைப்பேற்றுக்கு அப்பாவிடமே வந்திருந்தாள். இந்தத் தடவை வண்டி சாவிக்கே ஸ்டார்ட் ஆக வேண்டும். புவனேந்திரன் வேறு எதையும் சாமியிடம் கேட்கவில்லை.

பதுளையிலிருந்து மெக்கானிக் இன்ஸாப் பைக்கில் வந்தான். வண்டியைச் சுற்றிப் பார்த்துச் சிரித்தான்.

"அண்ணே, இத வித்து ரெண்டு மாடு வாங்குங்க. அதுங்க காலைல தானா எந்திரிக்கும்."

"மாட்டு மேல புள்ளத்தாச்சிய ஏத்தவா? வேலயப் பாருடா."

ஹீட்டர் பிளக் நாலையும் கழற்றி பேட்டரியில் தொட்டுப் பார்த்தான். நாலும் சிவந்தன. ஃபில்டரை மாற்றினான். சரிவில் உருட்டி ஸ்டார்ட் செய்து ஓடவிட்டான். பொனட் நடுங்கியது, கண்ணாடி கடகடத்தது. ஒவ்வொரு இன்ஜெக்டரின் நட்டாகத் தளர்த்தினான். ஒன்றைத் தளர்த்தியதும் என்ஜின் திணறியது. ரெண்டு, திணறியது. மூன்று, திணறியது. நாலாவதைத் தளர்த்தினான். ஒரு மாற்றமும் இல்லை.

"நாலாவது வேலை செய்யல்லண்ணே. மூணு அடிக்குது, ஒண்ணு சும்மா இருக்கு."

புவனேந்திரன் பக்கத்து சீட்டைப் பார்த்தார். அந்தத் தாளத்தை அவர் இந்த ஏழு மாதமும் தலையணைக்குள் கேட்டுக்கொண்டிருந்தார்.

முதலாவது இன்ஜெக்டரை நாலாவது இடத்துக்கு மாற்றியும் நோய் நகரவில்லை. கடைசியில் டீசல் குழாய்க்குப் பதில் உள்ளே தெரியும் ஒரு துண்டு பிளாஸ்டிக் குழாயை மாட்டினான். உள்ளே குமிழிகள் ஓடின. மூன்று குமிழி. இடைவெளி. மூன்று குமிழி.

"காத்து இழுக்குது. குழாய் வெடிச்சிருக்கு" என்றான் இன்ஸாப். ஆனால் அவன் முகத்தில் தெளிவில்லை. பழைய குழாயை வளைத்துப் பார்த்தான், ஊதிப் பார்த்தான். எங்கும் வெடிப்பில்லை. வண்டியை மேலே கட்டி இழுத்து, பழையபடி மூக்கு பள்ளம் பார்க்க நிறுத்திக் கல் வைத்தார்கள். அளவுக்காக அந்தப் பழைய குழாயையும் பிளாஸ்டிக் குழாயையும் இன்ஸாப் பைக்கில் சுற்றிக்கொண்டான்.

"டவுனுக்குப் போயி புதுசு கொண்டாறேன். டாங்கிக்கும் பம்புக்கும் நடுவுல இப்ப ஒண்ணுமே இல்ல. சாவியத் தொட்டும் பிரயோசனமில்ல."

மூன்று மணிக்கு மூடுபனி இறங்கியது. தேயிலை மறைந்தது, பிறகு வேலி, பிறகு லயத்தின் கடைசி வீடு. ஈரத் தகரத்தின் வாசமும் டீசல் வாசமும் கலந்து வாசலில் நின்றன. எல்லாரும் கொழுந்தெடுக்க மலைக்குப் போயிருந்ததால் நாயின் குரல்கூட இல்லை. உள்ளே நிஷாந்தினி "அப்பா" என்றாள். ஒரே ஒரு தடவை. அவர் போனபோது தரையில் தண்ணீர் ஓடியிருந்தது.

தோட்டத்து ஆட்டோக்கள் இரண்டும் ஒரு கல்யாணத்துக்கு லுணுகலை போயிருந்தன. இன்ஸாப் போனை எடுக்கவில்லை. துணிப் பையைத் தேடி எடுத்துக்கொண்டு அவர் வெளியே ஓடிவந்தபோது, மகள் தானாகவே போய் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

தொழிற்சாலைச் சந்திவரை உருட்டிக்கொண்டே போய்விடலாம், அங்கே ஆள் இருக்கும் என்று நினைத்தார். கல்லை எடுக்கக் குனிந்தார்.

கல் வேலியோரம் கிடந்தது.

அந்த வயிற்றோடு அவள் குனிந்திருக்க முடியாது. யோசிக்க நேரமில்லை. ஏறி, ஸ்டியரிங் பூட்டைத் திறக்கச் சாவியை ஒரு சொடுக்குத்தான் திருப்பினார்.

என்ஜின் ஓடியது.

இருமவில்லை. உலுக்கவில்லை. பதினொரு வருஷத்தில் கேட்காத சீரான ஓட்டம். நாலும் அடித்தது. பம்புக்குள் மிச்சமிருக்கும் சொட்டு டீசல்தான் என்று சொல்லிக்கொண்டார். ஒரு நிமிஷம் தாங்கும். முதல் வளைவு போயிற்று. தொழிற்சாலைச் சந்தி வந்தது. ஆட்கள் நின்றார்கள். நிறுத்தினால் இனி கிளம்பாது என்ற பயத்தில் நிறுத்தவில்லை. ஒரு மைல்கட்டை. இரண்டு கட்டை. மூன்று.

டீசல் வாசமே இல்லை. அதை அப்போதுதான் கவனித்தார்.

பிறகு பக்கத்திலிருந்து அந்தச் சத்தம். நிஷாந்தினி மூச்சு இழுத்தாள். மூன்று. சும்மா. மூன்று. சும்மா.

"வலிக்குதா புள்ள?"

"வலி இல்லப்பா." வியப்போடு சொன்னாள். "மூச்சுத்தான் உள்ள வரமாட்டேங்குது."

வேகத்தைக் கூட்ட மிதித்தார். அவள் வாய் திறந்து நின்றது. காலை எடுத்தார். காற்று அவளுக்குள் சீறிக்கொண்டு போனது. மறுபடி லேசாக, விரல் நுனியால் மட்டும், மிதித்துப் பார்த்தார். அவள் கை டாஷ்போர்டைப் பிறாண்டியது.

காலை எடுத்தார்.

இறக்கத்தில் மிதிக்காமலே போகலாம். போனார். பிரேக்கில் மட்டும் கால். பாலம் வரை இறக்கம். பாலம் தாண்டினால் ஏற்றம், அரைக் கட்டை. அதன் உச்சியில் ஆஸ்பத்திரி.

பாலத்தில் வண்டி வேகமிழந்து நின்றது. பனிக்குள் வேறு வாகனமில்லை. என்ஜின் காத்திருந்தது.

"ஏம்ப்பா நிக்கிறீங்க?"

"எறங்கு புள்ள. தூக்கிட்டு நடக்குறேன்."

கதவுப் பிடியை இழுத்தார். திறக்கவில்லை. அவள் பக்கக் கதவும் திறக்கவில்லை. தோளால் இடித்தார்.

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "அம்மாவுக்கு மாதிரி நிக்காதீங்கப்பா. போங்க. நான் மூச்சப் புடிச்சுக்குறேன். போங்க!"

மிதித்தார்.

பாரமே இல்லாததுபோல ஏறியது. ரெண்டாம் கியர். மூன்றாம் கியர். எண்ணிக்கொண்டே ஓட்டினார். பத்து. இருபது. திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் காலை எடுத்துவிடுவார். நாற்பது. ஆஸ்பத்திரியின் வெள்ளைச் சுவர். ஐம்பத்தைந்து. கேட்.

காலை எடுத்தார்.

பக்கத்தில் காற்று சீறவில்லை.

இரு பக்கக் கதவுகளும் தாமாகத் திறந்துகொண்டன. ஆஸ்பத்திரி ஆட்கள் தள்ளுகட்டிலோடு ஓடிவந்தார்கள். அவளை இறக்கியபோது அவள் தலை அவர் கையிலிருந்து நழுவித் தொங்கியது. அவர் சாவியைத் திருப்பினார். நிற்கவில்லை. சாவியை உருவினார். நிற்கவில்லை.

டவுன் பக்கமிருந்து இன்ஸாபின் பைக் வந்து நின்றது. தோளில் புதுக்குழாய்.

"அண்ணே…" வண்டியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். "குழாய் எங்கிட்டல்ல இருக்கு. எதுலண்ணே வந்தீங்க?"

அவர் இறங்கிப் போய் பொனட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். ஏழு கட்டை ஓடிவந்த என்ஜின், உள்ளே இன்னும் சீராக, நாலும் தவறாமல் ஓடிக்கொண்டிருந்தது. தகரம் ஐஸாக இருந்தது. லயத்து வாசலில் அதன்மேல் படிந்த பனித்துளிகள், ஒன்றுகூடக் காயாமல், ஒன்றுகூட உருளாமல், படிந்த இடத்திலேயே இருந்தன.