ஆள்காட்டி

கூடத்துத் தரைக்கடியில் ஏதோ கீச்சிட்டுக்கொண்டே இருந்தது. அவள் பேசினால் மட்டும் அடங்கியது.

பூச்சி என்றுதான் முதலில் நினைத்தாள். புது வீடு, புது மனை, சுற்றிலும் இன்னும் ஆள் குடிவராத வீடுகள். பூச்சியாவது வந்து இருக்கட்டுமே என்று விட்டுவிட்டாள். ஆனால் மிக்ஸி ஓடினாலும் அது அடங்கவில்லை, மகள் குதித்துக் குதித்துப் பாடினாலும் அடங்கவில்லை, கணவன் போனில் லாரிக்காரர்களைக் காய்ச்சி எடுத்தபோதும் அது பாட்டுக்குக் கீச்சிட்டது. "குட்டி, சாப்பிட வா" என்று அவள் வாயைத் திறந்தால் போதும், சட்டென்று நின்றது. வெகுநேரம் கழித்து ஒன்று மெல்லத் தொடங்கும், பிறகு இன்னொன்று.

அந்த அமைதி அவளுக்குப் பழக்கமானது. பறவைகளைக் கணக்கெடுப்பது அவள் தொழில். இந்த வீடுகள் நிற்கும் இடம் முன்பு கடலோரச் சதுப்பு. ஓதம் ஏறி இறங்கும் சேற்றில் முட்டி புதைய நின்று அவள் ஒலிப்பதிவு செய்த இடம். அதை மண்ணடித்து மனையாக்கிய நிறுவனத்தில்தான் அவள் கணவன் பொறியாளர். அதிகாரிகள் பார்வையிட வந்த அன்று சதுப்பில் ஒரு பறவை இல்லை. "அதுங்களாவே இடம் மாறிடுச்சும்மா, உன் கண்ணால நீயே பாரு" என்றான் அவன். பார்த்தாள். நம்பினாள். கரையில் நின்று அதிகாரிகளுக்கு வாய் வலிக்க விளக்கியதும் அவள்தான், பறவைகள் இல்லை என்று எழுதிக் கொடுத்ததும் அவள்தான்.

சாயங்காலம் தூறலில் நனைந்து வந்தவனிடம் சொன்னாள்.

"நீ பேசினா நானே வாயை மூடிக்கறேன், பூச்சி மூடாதா?" என்று சிரித்தான். "எங்க வீட்டு ஆள்காட்டிக்கு எப்பவும் சந்தேகம்தான்."

ஆள் வந்தால் கத்திக் காட்டிக்கொடுக்கும் பறவை ஆள்காட்டி. கல்யாணமான புதிதில் செல்லமாக வைத்த பெயர். இன்று அது அவளுக்குச் செல்லமாகப் படவில்லை.

அவன் குளிக்கப் போனதும் கூடத்தில் படுத்துக் காதைத் தரையில் வைத்தாள். பக்கத்தில் மகள் மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஓடுகளின் இடுக்கிலிருந்து உப்புச் சேற்றின் வாடை வந்தது, சிமெண்டும் பெயிண்டும் தரை துடைக்கும் மருந்தும் சேர்ந்து அமுக்கியும் அமுங்காத அந்தப் பழைய வாடை. அதற்கும் கீழே, நனைந்த மண்ணுக்குள், மெல்லிய கால்கள் கீறுவதுபோல ஒரு சத்தம், ஒன்றல்ல, கூடத்தின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும். பிறகு கீறல் நின்றது. ஒரு பெண் பேசினாள்.

"பதிவு தொடக்கம். கிழக்குக் கரை. ஆள்காட்டி, எச்சரிக்கைக் குரல்."

அவள் குரல். ஒவ்வொரு பதிவுக்கும் முன்னால் எந்த இடம், என்ன பறவை என்று சொல்லிவிடுவது அவள் வழக்கம். தொடர்ந்து அந்தப் பறவையின் அலறல். பிறகு ஒன்றுமில்லை.

மகள் தரையைப் பார்த்தாள். "அம்மா, நீ கீழயும் இருக்கியா?"

எழுந்து, நடைவழியின் கோடியிலிருந்த குளியலறைக் கதவைத் தட்டினாள். அந்தப் பதிவு வீட்டு அலமாரியை விட்டு வெளியே போனதில்லை.

"என் பதிவை எடுத்தீங்களா?"

உள்ளே தண்ணீர் நின்றது.

"நல்லதுக்குத்தான் பண்ணேன்மா. அதிகாரிங்க வர்றதுக்கு முன்னாடி பறவைங்க போயிடட்டும்னு ஸ்பீக்கர்ல போட்டோம். விடாம போட்டோம். உன் பேச்சை வெட்டத் தெரியல, அதோடயே ஓடுச்சு."

"அது குஞ்சு பொரிக்கற நேரம்."

"எல்லாம் பறந்துடுச்சே."

"பெருசுங்க பறக்கும். அந்தச் சத்தம் கேட்டா குஞ்சு தரையோட தரையாப் படுத்துக்கும். தாய் வந்து கூப்பிடற வரைக்கும் எழுந்திருக்காது. நீங்க தாயைத் துரத்திட்டீங்க. என் குரல் வந்தா அந்த அலறல் வரும்னு அதுங்க பழகியிருக்கும், நான் கரையில நின்னு பேசிட்டே இருந்தேன். மண்ணு எப்ப கொட்டினீங்க?"

"அன்னிக்கு மத்தியானம்."

"பார்த்தீங்களா?"

கதவுக்குப் பின்னாலிருந்து மெல்லச் சொன்னான். "ஓடும்னு நெனச்சேன். ஒண்ணுகூட ஓடல. கண்ணைத் திறந்துட்டே கிடந்துச்சுங்க."

இத்தனை வருஷம் ஒரே தலையணையில் தலை வைத்திருக்கிறாள். இந்த வீட்டின் சாவியை அவன் அவள் கையில் வைத்தபோது அழுதிருக்கிறாள். அவனைத் திட்ட வாயெடுத்தபோதுதான் கூடத்தில் கட்டைகளின் சத்தம் நின்றுவிட்டது தெரிந்தது.

ஓடினாள். கூடம் காலியாக இருந்தது.

"குட்டி."

ஜன்னலில் சாம்பல் வெளிச்சம். சிதறிய கட்டைகள். மறுபடி பார்த்தாள். மகள் அங்கேயேதான் இருந்தாள். முகவாய் ஓட்டில் பதிந்து, கைகள் விலாவோடு ஒட்டி, தரையோடு தரையாக. கண்கள் திறந்திருந்தன.

"எழுந்திரு கண்ணு."

குழந்தை இன்னும் அமுங்கினாள்.

கணவன் ஈரத்தோடு ஓடி வந்து அள்ளப் பார்த்தான். விரல்கள் அடியில் நுழையவில்லை. மீண்டும் இழுத்தான். முடியவில்லை.

"நீ கூப்பிடு" என்றான். "நீ கூப்பிட்டா வருவா. கூப்பிடும்மா."

அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். இரண்டு கைகளாலும் தன் வாயை இறுகப் பொத்திக்கொண்டாள். கத்தக் கூடாது. அழவும் கூடாது.

ஓடுகளின் இடுக்குகளிலிருந்து மண் வந்துகொண்டிருந்தது. ஈர மண். மெதுவாக. குழந்தையின் விரல்களை மூடியது. முழங்கையை மூடியது.

தரைக்கடியில் அவள் குரல் தெளிவாகப் பேசியது.

"பதிவு தொடக்கம்."

மண் உதட்டைத் தொட்டது. மகள் அசையவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.