இம்கேயின் முதல் கொக்கி

போன் அலறியது.

இம்கே ப்ரோடர்சன், லேபில் பல் செட் தேய்க்கும் மெஷினை நிறுத்திவிட்டு எடுத்தாள்.

"இன்ஸ்பெக்டர் வீப்கே ஹார்ம்ஸ். உங்க வீட்டு வாசல்லதான் நிக்கறேன். உடனே வாங்க."

"எ... எதுக்கு மேடம்?"

"உங்க மாடி வீட்டுக்காரர் கெர்ட் வுல்ஃப் செத்துக் கிடக்கார்!"

ஹாம்பர்க்கின் அல்டோனா பகுதி. சனிக்கிழமை மதியம். தூறல்.

இம்கே ஓடி வந்தபோது ஸ்ட்ரெச்சர் இறங்கிக்கொண்டிருந்தது. பாவம் மனுஷன்! பழைய பூட்டுகளைச் சேகரிப்பவர். படிக்கட்டில் பார்க்கும்போதெல்லாம் பாக்கெட்டிலிருந்து ஒரு பூட்டை எடுத்துக் காட்டுவார். அவளுக்கு அந்த ஆசை தொற்றியதே அவரால்தான்.

"உள்ளே பேசலாமா?" என்றாள் வீப்கே.

சமையலறை மேஜையில், திறந்து பழகுவதற்கான ஒரு பூட்டு. அதன் வாயில் செருகியபடி ஒரு மெல்லிய எஃகுக் கொக்கி. பக்கத்தில் இன்னும் இரண்டு கொக்கிகள், பூட்டை முறுக்கிப் பிடிக்கும் தகடுகள்...

வீப்கேயின் கண்கள் சுருங்கின.

"இது என்ன?"

"பொழுதுபோக்கு மேடம். பூட்டைச் சாவி இல்லாம திறக்கறது. வியாழக்கிழமைதான் அதுக்குன்னு இருக்கற சங்கத்துல சேர்ந்தேன்."

"வுல்ஃப் புதன்கிழமை செத்திருக்கார். யாரோ தள்ளிவிட்டு, அடுப்பு முனையில மண்டை அடிபட்டிருக்கு. அவரோட சேகரிப்புல ஒரு அபூர்வப் பூட்டைக் காணோம். கதவு ரெண்டு சுத்து பூட்டியிருந்தது. சாவி உள்ளே ஆணியில தொங்குது!"

"அப்படின்னா..."

"கம்பி விட்டுத் திறந்திருக்கான். திருடன்னா கதவை இழுத்துச் சாத்திட்டு ஓடுவான். இவன் பொறுமையா நின்னு, கம்பியாலயே மறுபடியும் பூட்டியிருக்கான். எதுக்கு?"

இம்கே யோசிக்காமல் சொன்னாள். "அது எங்க சங்கத்துல பழக்கம் மேடம். திறந்த பூட்டை, இருந்தபடியே பூட்டி வைக்கணும். முதல் நாளே சொல்லிக் கொடுத்துடுவாங்க."

சொன்ன பிறகுதான் உறைத்தது.

"அப்போ சங்கத்து ஆள்" என்றாள் வீப்கே நிதானமாக. "இந்தக் கட்டடத்துல சங்கத்து ஆள் யாரும்மா? சேர்றதுக்கு முன்னாடியே அங்க போய்ப் பழகியிருக்கலாமே!"

இம்கே மேஜையிலிருந்து ஓரடி பின்னே போனாள்.

"இந்த செட்டை எடுத்துட்டுப் போறேன். ஊரைவிட்டு எங்கயும் போகாதீங்க!"

திங்கட்கிழமை. போலீஸ் நிலையம்.

வீப்கே ஒரு படத்தை மேஜையில் போட்டாள். பூட்டின் உள்ளே இருக்கும் பித்தளைப் பின்கள், பெரிதாக்கி எடுத்தது. மேலே சன்னமான இரட்டைக் கோடுகள்.

"உங்க கொக்கியோட நுனியில ஒரு பிசிறு இருக்கு. அது போட்ட கீறல்தான் இது. அச்சு அசல்!"

"ஐயோ! அது என்னுதே இல்ல மேடம்!"

"உங்க மேஜையில இருந்தது."

"சங்கத்துல ஹென்னிங் கிளாசன் கொடுத்தார்! நான் முப்பது ஐட்டம் இருக்கற பெரிய செட் வாங்கலாமா, உள்ளே இருக்கறது தெரியற கண்ணாடிப் பூட்டு சேர்ந்து வர்றதை வாங்கலாமான்னு குழம்பிப் போயிருந்தேன். ‘அதெல்லாம் குப்பைம்மா! தடிமனா இருக்கும், நம்ம ஊர் பூட்டு வாயில நுழையவே நுழையாது. மூணு கொக்கி, ரெண்டு தகடு, அது போதும் உனக்கு’ன்னார். ‘எந்தத் தெரு, எந்தக் கட்டடம்?’ன்னு கேட்டார். சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம், ‘வாங்கவே வேணாம், என்னோட பழசை வெச்சுக்கோ’ன்னு..."

"எவ்வளவு நல்ல மனசு!" வீப்கே உதட்டைப் பிதுக்கினாள். "அவரைக் கேட்டாச்சு. குண்டூசி கூட கொடுக்கலைங்கறார். கொடுத்ததை யாராவது பார்த்தாங்களா?"

"இ... இல்ல. கோட்டு மாட்டற இடத்துல வெச்சுக் கொடுத்தார்."

"உங்க கைரேகை மட்டும்தான் இருக்கு. உங்களுக்குப் பல் செட் செய்யற வேலை. கை நடுங்காது. கோர்ட்டுக்கு இது போதும், இம்கே."

இம்கே உடைந்து அழுதாள்.

வீப்கே பிளாஸ்டிக் உறையில் இருந்த கொக்கியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். கட்டைவிரல் அழுத்தும் இடம் குழிந்து, பளபளவென்று தேய்ந்திருந்தது. வியாழன் முதல் சனி வரை, இரண்டே நாளில் எஃகு இப்படித் தேயுமா?

"கண்ணைத் துடைங்க. வியாழக்கிழமை சாயங்காலம் என்கூட சங்கத்துக்கு வர்றீங்க."

சங்கக் கூடம். பீர் பாட்டில்கள், மீன் பன், மேஜைக்கு மேஜை, பூட்டை இறுக்கிப் பிடிக்கும் கைப்பிடி வைஸ்.

இம்கேயைப் பார்த்ததும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். ஒரு கிழவர் தன் பூட்டுப் பெட்டியை மெல்ல மூடினார்.

ஹென்னிங் கிளாசன் எழுந்து வந்தான். நரைத்த தாடி. மூன்று முறை சாம்பியன். அவள் தோளைத் தட்டினான்.

"ஏம்மா இப்படிப் பண்ணிட்ட? ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?"

"பொய் சொல்லாதீங்க!" இம்கே கத்தினாள். "நீங்கதான் கொடுத்தீங்க!"

"பாவம், பயத்துல உளறுது" என்றான் கூட்டத்தைப் பார்த்து.

வீப்கே பையிலிருந்து ஒரு பூட்டுச் சிலிண்டரை, கதவில் சாவி நுழையும் அந்த உருளையை, எடுத்தாள். முகப்பில் குறுக்காக ஒரு கீறல். கழுத்தில் போலீஸ் சீட்டு. "ஹென்னிங், ஒரு உதவி. வுல்ஃப் வீட்டுக் கதவுல இருந்து கழட்டினது. இதைப் புதுசா கத்துக்கற பொண்ணு திறந்திருக்க முடியாதுன்னு வக்கீல் சண்டைக்கு வர்றார்."

"ஏன் முடியாது? ரொம்பச் சாதாரணப் பூட்டு மேடம்! கை பழகினா ஒரே நிமிஷம்!"

"அப்படியா? எங்க ஆளுக்கு அரை மணி ஆச்சே!"

"உங்க ஆளை இங்க வந்து சேரச் சொல்லுங்க!"

கூட்டம் சிரித்தது.

ஹென்னிங் சிலிண்டரை வைஸில் இறுக்கினான். இடது கையில் தகடு. வலது கையில் கொக்கி. மற்றவர்களைப் போல முதல் பின்னிலிருந்து தடவிப் பார்க்கவில்லை. நேரே நாலாவது பின்னுக்குப் போனான்!

அழுத்தினான்.

ஒன்றும் நகரவில்லை.

மறுபடி அழுத்தினான். புருவம் நெளிந்தது. இரண்டாவதைத் தொட்டான். மறுபடி நாலாவது...

"என்னாச்சு சாம்பியன்?"

"சே! மேடம், பூட்டை மாத்திக் கொண்டுவந்துட்டீங்க. இது அது இல்ல!"



வீப்கே புன்னகைத்தாள்.

"எது இல்ல?"

ஹென்னிங்கின் கை கொக்கியோடு அப்படியே நின்றது.

"இதை நான் காலையில கடையில வாங்கினேன். அதே கம்பெனி, அதே அளவு. முகப்புல இருக்கற கீறலும், அசல்ல இருக்கற மாதிரியே நான் போட்டது. வெளியில பார்த்தா வுல்ஃபுக்கே வித்தியாசம் தெரிஞ்சிருக்காது. உள்ளே பின்கள் மட்டும்தான் வேற உயரம். அது, அசல் பூட்டுக்குள்ள கம்பி விட்டவனுக்குத்தான் தெரியும்!"

"நா... நான் வுல்ஃபோட சிநேகிதன்! எத்தனையோ தடவை அவர் வீட்டுக்குப் போயிருக்கேன். ஒரு தடவை விளையாட்டா அவர் கதவைத் திறந்து காட்டினேன்..."

"எப்போ?"

"போன... போன வருஷம்."

"அவர் அந்தச் சிலிண்டரை மாட்டினதே, சாகறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி! கடைக்காரர்கிட்ட என்ன சொன்னாராம் தெரியுமா? ‘அபூர்வப் பூட்டை வித்துடுன்னு ஒருத்தன் என்னை நச்சரிக்கறான். அவன் பார்வையே சரியில்ல. கதவுக்குப் புதுசா ஒண்ணு போடு’ன்னு!"

ஹென்னிங் கொக்கியை வீசிவிட்டுக் கதவை நோக்கிப் பாய்ந்தான். பெட்டியை மூடிய அதே கிழவர் காலை நீட்ட, மீன் பன் தட்டோடு குப்புற விழுந்தான்.

"கொல்லணும்னு போகலை..." தரையில் கிடந்தபடியே முனகினான். "பூட்டை எடுத்துட்டு வந்துடலாம்னுதான்... அந்த ஆள் சட்டுனு தூக்கத்துல இருந்து எழுந்து வந்துட்டார்..."

"செத்த மனுஷன் மேல பழியைப் போடறீங்களா?" இம்கே முன்னால் வந்தாள். "முதல் தடவை ஒரு செட் வாங்க ஆசையா வந்தேன். அந்தக் கொக்கியைக் கொடுக்கும்போது உங்க கை நடுங்கவே இல்லையா?"

கைவிலங்கு பூட்டப்பட்டதும், பழக்கதோஷத்தில் ஹென்னிங்கின் கண் அதன் துவாரத்தை அளந்தது.

வீப்கே அதைக் கவனித்தாள்.

"பார்த்து வெச்சுக்கோங்க ஹென்னிங், இதுதான் கடைசி! இனிமே நீங்க இருக்கப்போற அறைக் கதவுக்கு, உள்பக்கம் சாவித் துவாரமே கிடையாது!"